எதிரிச் சரக்கு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாலு, ஐப்பசி.
ஏழாம் கிட்டங்கியில் எனக்கு வேலை
எண்ணுவது.
பிடிபட்ட ஜெர்மன் கப்பலிலிருந்து இறக்கியதெல்லாம்:
கொப்பரை முந்நூற்றிருபது மூட்டை,
ஆமையோடு, முத்துச்சிப்பி,
கால் உடைந்த பியானோ ஒன்று,
பிறகு இந்தத் தகரங்கள்.
பிஸ்கட் பெட்டி போல வட்டமாய், பதினொன்று.

படம் பிடித்தவனை ராகமை முகாமில் வைத்திருந்தார்கள்.
லுட்விக் ஹார்ட்டெனாவ் என்று பெயர்.
போன வருஷம் பார்த்திருக்கிறேன்,
தீவுகளுக்குப் போகிற வழியில்.
ஜெட்டியில் முக்காலி விரித்து
எதையோ சுற்றிக்கொண்டே நின்றான்.
காப்பிக்கொட்டை அரைக்கிறான் என்று நினைத்தேன்.

முதல் தகரத்தைத் திறந்தேன்.
கறுப்புத் தாள், அதற்குள் பால் நிறத்தில் ஒரு சுருள்.
கழுவாத படமாம்.
திறந்த நொடியிலேயே வெளிச்சம் தின்றுவிடுமாம்.
யாரும் முன்னே சொல்லவில்லை.
ஒரு தீவின் எத்தனை பகலைக் கொன்றேனோ,
பேரேட்டில் எழுதினேன்:
ஒன்று. வெறும் சுருள்.

இரண்டாவது கழுவியது.
மூடியை நெம்பியதும் கற்பூர வாசம்.
கும்பிடப் போன கையைக் கீழே இறக்கி,
பீடியை அணை என்று
காவல்காரன் துவான் கிச்சிலை அதட்டிவிட்டு,
ஜன்னல் கம்பிக்கு நேரே நாடாவைப் பிடித்தேன்.

எல்லாம் மாறிக் கிடந்தது.
வெள்ளை உடுப்புத் துரை கரிக்கட்டை.
கரி சுமக்கிறவர்கள் அரிசிமாவில் புரண்டவர்கள்.
வானம் மை.

ஒட்டுத்தாளை வாசிக்க
சத்தாம் வீதிக் கடிகாரக்காரரைக் கூட்டிவந்தார்கள்.
சுவிஸ்காரர், யாருக்கும் எதிரியில்லை.
கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு படித்தார்:
“நியூகினி, எங்கள் தீவு.
கப்பலுக்குக் கரி ஏற்றும் காட்டுச்சனங்கள்.”

நியூகினியா?
அந்தப் பலகை எனக்குத் தெரியும்.
பின்னால் கிடக்கும் அலைதாங்கிக் கல் தெரியும்.
மூன்றாவதாய் ஏறுகிறவனின்
இடத்தோள் சரிந்த நடை தெரியும்.

பலவேசம்.
சம்பளப் பட்டியலில் இருநூற்றுப் பதினாலு.
மாசியில், கரி வள்ளத்துக்கும் கப்பலுக்கும் நடுவே
விழுந்தான்.
பெயரின்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு,
நான் போட்டது.

ஏறுகிறான்.
கருவியைப் பார்த்துச் சிரித்துவிடுகிறான்.
அங்கே ஒரு வெட்டு.
மறுபடி கீழிருந்து ஏறுகிறான், சிரிக்காமல்.
யாரோ ஏசியிருக்க வேண்டும்.
மூன்றாம் தரமும் ஏறுகிறான்,
கூடை நிறையக் கரியோடுதான்.
அன்றைய கணக்கைத் தேடி எடுத்தேன்:
ஒரு நடைக்கே கூலி. என் கையெழுத்து.

தீவில் மழை பெய்திருக்கும்,
அல்லது கரி ஏற்றுகிறபோது அவன் தூங்கியிருப்பான்.
கொழும்பை வெட்டி அந்த இடத்தில் ஒட்டிவிட்டான்.
பெர்லினில் யாருக்குத் தெரியப்போகிறது,
திருச்செந்தூர்ப் பக்கத்து ஆள் ஒருவன்
இங்கிலீஷ்காரன் துறைமுகத்தில் நின்றபடியே
ஜெர்மன் காட்டுவாசியானது?
பெற்றவள் தெரிந்துதான் வைத்தாள் பெயரை.

மேசைக்கு வந்தேன். கட்டங்களை நிரப்ப வேண்டும்.
உடைமைக்காரர்: எதிரி.
விளைந்த இடம்:
பேனா முனையில் மை திரண்டு
தாளில் ஒரு சொட்டு விழும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.
கங்காணித் துரையின் சப்பாத்துச் சத்தம் கேட்டது.
“ஒட்டுத்தாளில் உள்ளபடி” என்று எழுதினேன்.

மார்கழியில் ஏலம்.
புறக்கோட்டை நெய்னா லெப்பை
தகரங்களை நிறைக்கு வாங்கினார்.
வெந்நீரில் உருவத்தைக் கழுவிவிட்டுச்
சீப்பும் வளையலும் செய்யக் கொடுப்பாராம்.
தராசில் எல்லாம் சரியாக இருந்தது.
ஒரு சாண் நாடா குறைந்தால்
எந்தத் தராசுக்குத் தெரியும்?

சாணுக்குப் பன்னிரண்டு பலவேசம்.
பன்னிரண்டு பேருக்கும் முகம் வெள்ளை,
சிரிக்கிற பல் கறுப்பு.
சட்டைப் பெட்டியின் அடியில், துணி சுற்றி.
பார்க்க வேண்டும்போல் இருக்கும் இரவுகளில்
விளக்கருகே கொண்டுபோகப் பயம்.